ஆடு வழுக்கிய சாய்தளம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்றால் எல்லாருக்கும் அருவி ஞாபகத்துக்கு வரும். சங்கரேஸ்வரிக்கு மட்டும் ஓர் ஆடு ஞாபகத்துக்கு வரும்.

இப்போது அவள் தென்காசியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சன்னல் வழியாக ஒரு துளி சாரல் முகத்தில் பட்டால் போதும், மனசு ஒரே ஓட்டமாகக் குத்துக்கல்வலசைக்குப் போய்விடும். அவள் கால்களால்தான் ஓட முடியாது. மனசால் ஓடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

குத்துக்கல்வலசையில்தான் அவளுடைய பழைய பள்ளிக்கூடம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள சின்னப் பள்ளிக்கூடம். வாசலில் ஐந்து படிகள். அந்த ஐந்து படிகளைப் பற்றித்தான் இந்தக் கதை. ஆடு கொஞ்சம் பிறகு வரும்.

சங்கரேஸ்வரிக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களிலும் பலம் கிடையாது. நான்காம் வகுப்பு வரை அப்பா பிச்சைமணிதான் அவளைச் சைக்கிளில் கூட்டிவந்து, தூக்கிப்போய் வகுப்பில் உட்கார வைப்பார். பிறகு அவசர அவசரமாகக் குற்றாலத்துக்குப் போவார். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவருடைய வேலை. அவர் பக்கத்தில் வந்தாலே நல்லெண்ணெய் வாசம் அடிக்கும்.

அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது, கோயம்புத்தூரில் உள்ள மோட்டார் கம்பெனி ஒன்று அவளுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் செய்யும் கம்பெனி அது. லாபத்தில் ஒரு பங்கை எடுத்து, உடல் குறைபாடு உள்ள பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவதற்கென்றே ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார்கள்.

நாற்காலி நீல நிறம். சக்கரத்தைக் கையால் தள்ளினால் நினைத்த இடத்துக்குப் போகும். முதல் நாள் அவள் அதில் தெருவில் போனபோது கோழிகளெல்லாம் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன.

ஆனால் ஐந்து படிகளுக்கு முன்னால் நாற்காலி நின்றுவிட்டது. பாவம், அது என்ன செய்யும்?

அதனால்தான் பல்லக்கு வந்தது.

பர்சானாவும் வேல்விழியும் சங்கரேஸ்வரியின் சிநேகிதிகள். இருவரும் எதிரெதிரே நின்று, கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொள்வார்கள். சங்கரேஸ்வரி அதில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு தோளில் கை போட்டுக்கொள்வாள். பர்சானா உயரம், வேல்விழி குட்டை. ஆகையால் பல்லக்கு எப்போதும் வேல்விழி பக்கம் சாய்ந்தே போகும். கைக்கு அகப்பட்ட ஒரு பையன் நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான்.

"ராணி வாரா, தள்ளு தள்ளு!
வழிய விட்டு நில்லு நில்லு!"

மூன்று பேரும் சேர்ந்து கத்துவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவது படியில் யாராவது ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்புறம் மூன்று பேருக்கும் வரும்.

அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் சங்கரேஸ்வரிக்கு ஆசையாக இருக்கிறது.

ஆனால் அப்போது அவளுக்கு வேறோர் ஆசை இருந்தது. ஒரு நாள் பர்சானாவுக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டுவிட்டாள். வேல்விழி ஒருத்தியால் தூக்க முடியவில்லை. டீச்சர் வந்து பார்க்கும்வரை சங்கரேஸ்வரி படிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே வருகைப் பதிவு எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் வாசலிலிருந்தே, "உள்ளேன் டீச்சர்" என்று கத்தினாள். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அந்த ஐந்து படிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

யாரையும் கூப்பிடாமல், யாருக்காகவும் காத்திருக்காமல், ஒரு நாளாவது நானாக என் வகுப்புக்குள் போகவேண்டும் என்று அன்றைக்கு அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் மார்ச் மாதம் அறக்கட்டளையிலிருந்து ஆனந்தவள்ளி மேடம் வந்தார். நல்ல வெயில். படிகளைப் பார்த்தார், நாடாவை வைத்து அளந்தார். "பக்கத்துல ஒரு சாய்தளம் கட்டிரலாங்க சார். சரிவா இருக்கும், பாப்பா வண்டியிலயே ஏறிப் போயிரலாம்" என்றார்.

சங்கரேஸ்வரிக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

தலைமையாசிரியர் ஆவுடைநாயகம் சாருக்கு அதைவிடச் சந்தோஷம். கோடை விடுமுறையில் வேலை தொடங்கியது. கொத்தனார் மாரிராஜ் சாதாரணக் கல் போடலாம் என்று சொன்னார். சார் கேட்கவில்லை.

"பளபளன்னு இருக்கணும் மாரிராஜ். குனிஞ்சு பாத்தா மொகம் தெரியணும். குடுக்கவங்க மனசு குளிரணும்லா!"

"அப்பம் கண்ணாடி கணக்கா போட்டுருதேன் சார்" என்றார் மாரிராஜ்.

சொன்னபடியே போட்டார். கறுப்புக் கல்லில் வேப்பமரத்தின் ஒவ்வோர் இலையும் தெரிந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. சங்கரேஸ்வரி ஆறாம் வகுப்பு. ஆசையாக வந்து பார்த்தால், சாய்தளத்தின் மேல் நீலத் தார்ப்பாயை விரித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"தெறப்பு விழா முடியாம யாரும் கால் வைக்கப்படாது" என்றார் சார். சங்கரேஸ்வரியின் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "சக்கரமும் வைக்கப்படாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மேடத்துக்கு ஜூலையில்தான் நேரம் கிடைத்தது. ஆக, ஒரு மாதம் முழுக்க, கட்டி முடித்த சாய்தளம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கியது. அதன் பக்கத்திலேயே பல்லக்கு மூச்சு வாங்கிக்கொண்டு படியேறியது.

"ஏட்டி, நமக்காகத்தான இத கட்டுனாங்க? பெறகும் நாமதான தூக்கிட்டுப் போறோம்?" என்று வேல்விழி கேட்டாள்.

"அது அசந்து தூங்குது. எழுப்பாத" என்றாள் பர்சானா.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் பிடித்த சாரல் விடவே இல்லை. பிள்ளைகள் மைதானத்தில் நனைந்துகொண்டே விளையாடினார்கள். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. சாய்தளத்தின் கைப்பிடிக் கம்பியிலும் கட்டியிருந்தார்கள். காற்றில் கயிறு அவிழ்ந்து தார்ப்பாய் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. சங்கரேஸ்வரி வேப்பமரத்தடியில் நாற்காலியில் இருந்தாள்.

அப்போதுதான் ஆடு வந்தது.

பக்கத்து வீட்டுக் கறுப்பு ஆடு. அது தோரணத்தைப் பார்த்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு சாய்தளத்தில் ஏறத் தொடங்கியது. மூன்று எட்டு வைத்திருக்கும். நான்கு கால்களும் நான்கு திசையில் போயின. அப்படியே வயிற்றால் சறுக்கிக்கொண்டு கீழே வந்து, சங்கரேஸ்வரியின் சக்கரத்தில் முட்டி நின்றது. இதில் என்ன சிரிப்பு என்று கேட்கிற மாதிரி அவளை முறைத்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று அது நின்றும்போனது.

ஆடு பாறையிலேயே ஏறும். அதற்கே இங்கே நிற்க முடியவில்லை. என் சக்கரம் எப்படி நிற்கும்?

அவள் நாற்காலியைத் தள்ளிப்போய், குனிந்து ஈரக் கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. ஜூன் தொடங்கி ஆகஸ்டு முடிய இந்த ஊரில் சாரல்தான். ஒரு மாதமாக யாரும் ஏறிப் பார்க்காததால் யாருக்கும் இது தெரியவில்லை.

பல்லக்கில் ஏறி நேரே தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் நாளைய விழாவுக்கு வாங்கிய பொன்னாடையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

"இப்பம் போயா சொல்லுத? விடிஞ்சா விழா. அவங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வாராங்க. அடுத்தால கம்ப்யூட்டர் ரூம் வேற கட்டித் தாரோம்னு சொல்லியிருக்காங்க. குத்தம் சொன்னா மனசு கோணிராதா?"

"குத்தம் சொல்லலை சார். வழுக்குது, அதான் சார்."

"நாளைக்கு வண்டிக்குப் பின்னால ரெண்டு பேரைப் பிடிக்கச் சொல்லுவோம். பத்திரமா ஏறிரலாம்."

"நாளைக்கு ஏறிரலாம் சார். அதுக்கு மறுநாளு?"

சார் பொன்னாடையை மறுபடி மடிக்கத் தொடங்கினார். அவர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது வராதா என்று வருஷக்கணக்காக மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர். வந்தது போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

சாயங்காலம் வீட்டில் அப்பா சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். எத்தனை தரம் கழுவினாலும் அவர் கையிலிருந்து எண்ணெய் போகாது. கழுவிய தண்ணீர் தரையில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த சங்கரேஸ்வரிக்கு, ரொம்பச் சின்ன வயதில் பார்த்த ஒரு கல் ஞாபகம் வந்தது.

அப்போதெல்லாம் சாரல் காலத்தில் அப்பா அவளையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார். அவர் எண்ணெய் தேய்க்கும் இடத்தில் பெரிய கல்பலகை ஒன்று கிடக்கும். அதன் ஓரத்தில் ஒரு துண்டை விரித்து அவளை உட்கார வைப்பார். தூரத்தில் அருவி இரைந்துகொண்டே இருக்கும். தொந்தி வைத்த மாமாக்கள் உடம்பெல்லாம் எண்ணெயோடு அந்தக் கல்லில் நிற்பார்கள், நடப்பார்கள். ஒருத்தரும் விழ மாட்டார்கள். கல் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அவள் அவற்றை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். நூறுக்கு மேல் எண்ணத் தெரியாததால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

"யப்பா, நம்ம எண்ணெய்க் கல்லு வழுக்காதுல்லா?"

"எப்படி வழுக்கும்? உளிய வச்சுக் கொத்து போட்டிருக்கும்லா. வழவழன்னு கெடந்தா ஒருத்தன் நிக்க முடியுமா? எங்க பொழப்பே போயிரும். எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்" என்றாள் அவள். ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் காலையிலும் சாரல் விடவில்லை. பிள்ளைகள் குடை பிடித்து வரிசையாக நின்றார்கள். ஆனந்தவள்ளி மேடம் வந்தார். கூடவே ஒரு போட்டோக்காரரும் வந்தார். தார்ப்பாயை எடுத்தார்கள். மேடம் ரிப்பன் வெட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"வா கண்ணு, நீதான் மொதல்ல ஏறோணும்" என்றார் மேடம்.

சங்கரேஸ்வரி பர்சானாவையும் வேல்விழியையும் பார்த்தாள். காலையிலேயே அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். யார் ஏறினாலும் பின்னாலேயே நிற்கவேண்டும், கையை எடுக்கக் கூடாது.

"மேடம், ஒண்ணு சொல்லட்டா? சாரல் பட்டா இந்தக் கல்லு வழுக்கும்."

ஆவுடைநாயகம் சார் இருமினார். மேடம் குழப்பமாகக் கல்லைப் பார்த்தார்.

"அப்படியா? சரிவு அளவெல்லாம் கரெக்டாத்தான் போட்டிருக்கோம் கண்ணு. பேப்பர்ல நானே பாத்தேன்."

"அளவு சரியாத்தான் மேடம் இருக்கும். நீங்க ஒருக்க ஏறிப் பாருங்களேன். என் வண்டிய தாரேன். இவங்க ரெண்டு பேரும் பின்னால நிப்பாங்க. விழ விடமாட்டாங்க."

சார் பதற்றத்தில் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகுதான் அது மேடத்துக்கு வைத்திருந்த பொன்னாடை என்று தெரிந்தது.

மேடம் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கைப்பையைச் சாரிடம் கொடுத்துவிட்டு, "சரி, இறங்கு" என்றார். பல்லக்கு சங்கரேஸ்வரியைத் தூக்கி ஒரு பெஞ்சில் உட்கார வைத்தது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து சக்கரத்தைத் தள்ளினார். ஒரு முழம் ஏறியது. இரண்டு முழம் ஏறியது. அப்புறம் சக்கரம் நின்ற இடத்திலேயே சறுக்கியது. நாற்காலி பின்னால் வரத் தொடங்கியது.

"அய்யோ, அய்யோ!" என்றார் மேடம்.

பர்சானாவும் வேல்விழியும் காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டார்கள். மேடத்தின் ஒரு செருப்பு மட்டும் தனியாகச் சறுக்கி, ஆடு வந்த வழியிலேயே கீழே போய்ச் சேர்ந்தது. போட்டோக்காரர் விடாமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

மேடம் நாற்காலியிலிருந்து இறங்கினார். குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"இது உனக்கு எப்படித் தெரிஞ்சது கண்ணு?"

"ஆடுதான் மேடம் மொதல்ல ஏறுச்சு."

ஆட்டின் கதையைக் கேட்டதும் மேடம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். அப்புறம்தான் எல்லாருக்கும் சிரிக்கலாம் என்று தைரியம் வந்தது.

"இதை இடிக்க வேண்டாம் மேடம்" என்று சங்கரேஸ்வரி அவசரமாகச் சொன்னாள். "எங்க அப்பா எண்ணெய் தேய்க்கிற கல்லுல குழி குழியா கொத்து போட்டிருக்கும். எண்ணெய்க் காலோட நின்னாலும் வழுக்காது. அதே மாதிரி இதையும் கொத்திட்டாப் போதும்."

மேடம் மாரிராஜைப் பார்த்தார். மாரிராஜ் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு நாளு வேலதான். ஆனா பளபளப்பு போயிருமே மேடம்!"

"போகட்டும்ங்க. இவ வகுப்புக்குப் போகோணும். அதுக்குத்தானே கட்டினோம்?"

மேடம் பிறகு சாரிடம் திரும்பி, "ஒரு மாசமா இதுல யாருமே ஏறலியா சார்?" என்று கேட்டார். ஆவுடைநாயகம் சார் வானத்தைப் பார்த்தார். சாரல் எப்போது விடும் என்று பார்க்கிறவர் மாதிரி.

"தப்பு என்மேலயும்தான் இருக்குங்க. இவளைக் கேக்காம நான் பேப்பரைப் பாத்தேன்" என்றார் மேடம். "அடுத்து கம்ப்யூட்டர் ரூம் கட்டும்போது பசங்க மொதல்ல உள்ள போயி பழகட்டும். ரிப்பனை அப்புறமா வெட்டிக்கலாம்."

கம்ப்யூட்டர் ரூம் போய்விடவில்லை என்று தெரிந்ததும் சாருக்கு உயிர் வந்தது. கையிலிருந்த பொன்னாடையை உதறி, கசங்கினது பரவாயில்லை என்று மேடத்துக்கே போர்த்தினார்.

இரண்டு நாளும் டங் டங் என்று உளிச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் காலை, சாரலில், சங்கரேஸ்வரி சாய்தளத்தின் முன்னால் வந்து நின்றாள். கறுப்புக் கல்லில் இப்போது முகம் தெரியவில்லை. குழி குழியாக, சொரசொரவென்று, குற்றாலத்துக் கல் மாதிரியே இருந்தது.

அவள் சக்கரத்தைத் தள்ளினாள். கல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. இன்னும் தள்ளினாள். தோள் வலித்தது, சுகமான வலி. கடைசித் தள்ளு. மேலே வந்துவிட்டாள்! வராந்தா முழுக்க அவள் எதிரே நீண்டு கிடந்தது. நேரே வகுப்புக்குப் போய் நின்றாள். டீச்சர் இன்னும் வரவில்லை. ஒருத்தரும் வரவில்லை. காலியாகக் கிடந்த வகுப்பைப் பார்த்து, "உள்ளேன் டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னாள். அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கீழே பர்சானாவும் வேல்விழியும் நின்றார்கள். அப்போதுதான் வந்திருந்தார்கள். பழக்க தோஷத்தில் கைகளைக் கோத்துத் தயாராக வைத்திருந்தார்கள். மேலே நிற்கும் அவளைப் பார்த்ததும் குதித்துக் கை தட்டினார்கள். தட்டி முடித்த பிறகு அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"அப்பம் இனி நாங்க வேண்டாமாட்டி?" என்று வேல்விழி கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் குரல் உள்ளே போய்விட்டது.

சங்கரேஸ்வரி இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. தானாக ஏறவேண்டும் என்று ஆசைப்பட்டாளே தவிர, பல்லக்கு போய்விடவேண்டும் என்று ஒரு நாளும் ஆசைப்படவில்லை.

"யாரு சொன்னா? இன்னைக்கு வெள்ளிக்கிழமைலா" என்றாள். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ராணி பல்லக்குலதான் வருவா. இரு, கீழ வாரேன்."

சர்ரென்று சாய்தளத்தில் இறங்கி வந்தாள். எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு வெள்ளிக்கிழமைகூட அந்தப் பல்லக்கு தவறவில்லை.

அதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. இப்போது பர்சானா கடையநல்லூரில் படிக்கிறாள், வேல்விழி பாவூர்சத்திரத்தில் படிக்கிறாள். போனில் பேசிக்கொள்வதோடு சரி. தென்காசிப் பள்ளிக்கூடத்தில் படியே கிடையாது. அது வசதிதான். ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் சங்கரேஸ்வரிக்கு என்னவோ ஒன்று குறையும்.

போன வாரம் ஆவுடைநாயகம் சார் மூன்று பேருக்கும் அழைப்பிதழ் அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டர் அறைத் திறப்பு விழா. பிள்ளைகள் ஒரு மாதமாகவே அதில் தட்டிப் பழகிவிட்டார்கள், ரிப்பன் மட்டும்தான் புதுசு என்று தன் கையாலேயே ஓரத்தில் எழுதியிருந்தார். விழா நாள் வெள்ளிக்கிழமை.

அன்றும் சாரல் தூறிக்கொண்டிருந்தது. அதே வேப்பமரம், அதே ஐந்து படிகள். படி இவ்வளவு சின்னதாகவா இருந்தது என்று மூன்று பேருக்கும் ஆச்சரியம். வேல்விழி இப்போது பர்சானாவைவிட உயரமாகியிருந்தாள்.

இரண்டு பேரும் கைகளைக் கோத்தார்கள். சங்கரேஸ்வரி ஏறி உட்கார்ந்தாள். பல்லக்கு இந்தத் தடவை பர்சானா பக்கம் சாய்ந்தது.

"ஏட்டி, கனத்துட்டியே!" என்று பர்சானா முனகினாள்.

"ராணின்னா கனக்கத்தான செய்வா. பாட்ட ஆரம்பி!"

"ராணி வாரா, தள்ளு தள்ளு..."

மூன்றாவது படியில் வேல்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் மூன்று பேருக்கும் வந்தது. சிரித்த சிரிப்பில் பல்லக்கு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுப்படியில் ஆடிக்கொண்டு நின்றது.

அப்போது பக்கத்துச் சாய்தளத்தில் டக் டக் என்று சத்தம் கேட்டது. ஒன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி, காலில் இரும்புப் பட்டை மாட்டி, இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு, ஈரக் கல்லில் தனியாக ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. யாருக்காகவும் நிற்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்து, "அக்கா, நாந்தான் பர்ஸ்ட்டு!" என்று கத்தினாள்.

சங்கரேஸ்வரி வாழ்க்கையில் எந்தப் பந்தயத்திலும் அவ்வளவு சந்தோஷமாகத் தோற்றதே இல்லை.